இல்லத்துப் பணியும் இளையோர் கைப்பொருளும்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கியத்தைப் பற்றியோ இலக்கணத்தைப் பற்றியோ பேசுமாறு எம்மைப் பணித்திருப்பின், பழகிய தடத்திற் செல்லும் வண்டிமாடுபோல யாம் இடர்ப்பாடின்றிச் சென்றிருப்போம். செயலாளரவர்களோ, "பிள்ளைகளுக்குப் பணத்தின் அருமையை உணர்த்துவது எங்ஙனம்? வீட்டு வேலைக்குக் காசு கொடுக்கலாமா, கூடாதா? இதனைக் குறித்துப் பேசுங்கள்" என்று ஆணையிட்டுவிட்டார்கள். தமிழாசிரியனுக்கும் பணத்துக்கும் நெடுந்தொலைவு என்பது உலகறிந்த செய்தி. எனினும் இருபதாண்டுகளாகப் பள்ளிப் பிள்ளைகளோடு பழகியும், எம் இல்லத்தில் மக்கள் இருவரை வளர்த்தும், அவ்வளர்ப்பிற் பிழைபட்டும் யாம் அறிந்தன சில உள. வழுக்கி விழுந்தவன் வழுக்குமிடத்தைச் சுட்டுவது பின்வருவோர்க்குப் பயன்படும் என்னும் துணிவினாலேயே இம்மேடையில் நிற்கின்றோம்.

எம் பாட்டனார் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி பயின்றவர். முக்கால், அரை, கால், அரைக்கால், வீசம், மா, காணி, முந்திரி எனக் கீழ்வாய் இலக்கத்தைப் பாட்டுப்போல ஒப்புவிப்பார். முந்திரியாவது ஒன்றினை 320 கூறிட்டால் அதில் ஒரு கூறு. அத்துணை நுண்ணிய கணக்கு அந்நாளிற் சிறுவர்க்கு வேண்டியிருந்தது. ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 தம்பிடி. பள்ளி விட்டதும் பையன் தந்தையின் கடைக்குச் சென்று கல்லாப்பெட்டியருகே அமர்வான். காசு உள்ளே விழும் ஓசையையும் வெளியே எடுக்கப்படும் ஓசையையும் நாள்தோறும் கேட்பான். இரவிற் கடை கட்டுமுன் தந்தையார் சிட்டை பார்த்து நாள்வழியில் வரவும் பற்றும் எழுதுவதைக் காண்பான். பணத்தைப் பற்றி அவனுக்கு எவரும் சொற்பொழிவு செய்திலர், காட்சியே கல்வியாயிற்று.

அக்காட்சி இன்று மறைந்தது. 1957-ஆம் ஆண்டு ஏப்ரல் முதல் நாள் ரூபாய்க்கு நூறு காசு என்னும் கணக்கு வந்தது. 2011-ஆம் ஆண்டு ஜூன் திங்கள் முடிவோடு 25 காசும் அதனிற் சிறிய நாணயங்களும் செல்லாதனவாயின. 2016-ஆம் ஆண்டில் யு.பி.ஐ. என்னும் முறை தோன்றியபின், காய்கறிக் கூடைக்காரியும் கைப்பேசி வழியே பணம் பெறுகின்றாள். இவற்றை யாம் குறைகூறவில்லை. வணிகம் செய்வார்க்கு இவற்றால் விளைந்த நன்மை பெரிது. ஆயின் சிறு குழந்தையின் கண்கொண்டு நோக்குங்கள். அன்னை கைப்பேசியைச் சதுரப் படத்தின்முன் நீட்டுகின்றாள். ஓர் ஒலி எழுகின்றது. பொருள் கைக்கு வருகின்றது. பை மெலிவதை அக்குழந்தை கண்டிலது. கிணற்றில் நீர் ஊறுவதுபோலக் கைப்பேசியிற் பணம் ஊறுமென்று அது கருதுமாயின், பிழை அதனுடையதன்று.

சென்ற ஆண்டு எட்டாம் வகுப்பு மாணவரை நோக்கி, "உங்கள் வீட்டில் இம்முறை மின்கட்டணம் எவ்வளவு?" என வினவினோம். விடை கூறினோர் ஒரு கைவிரல்களுள் அடங்குவர். "புதிதாக வந்துள்ள கைப்பேசியின் விலை என்ன?" என்றோம். வகுப்பே ஒரு குரலாக விடை கூறிற்று. விரும்பும் பொருளின் விலை தெரிகின்றது; வாழும் வீட்டின் விலை தெரியவில்லை. இந்நிலையிற் பெற்றோர் செய்யத்தக்கது யாது என்பதே இன்றைய வினா.

யாம் பண்டிதத் தொழிலினேம். ஆதலின் எம் கையிலுள்ள கருவி சொல்லே. கடன், முதல், செலவு என்னும் மூன்று சொற்களைக் கொண்டே இவ்வினாவுக்கு விடை காண முயல்வோம். மூன்றும் கடைத்தெருவில் நாள்தோறும் வழங்குவன. மூன்றிலும் ஒவ்வொரு பொருளுக்குப் பின் மற்றொரு பொருள் மறைந்து நிற்கின்றது.

முதலாவது, கடன். பிறரிடம் வாங்கித் திருப்பித் தரவேண்டிய பணமும் கடன். ஒருவன் செய்தே தீரவேண்டிய கடமையும் கடன். தமிழ் இவ்விரண்டையும் ஒரு சொல்லால் வழங்கியது ஆராயத்தக்கது. கடமையாவது முன்னரே பெற்றுக்கொண்ட ஒன்றுக்கு ஈடாக நாம் செலுத்துவது. பிள்ளை இல்லத்திற் சோறு பெற்றது, துணி பெற்றது, இரவெல்லாம் கண்விழித்த அன்னையின் காவலைப் பெற்றது. ஆகவே அவ்வில்லத்தின் வாசலைப் பெருக்குதல் அதன் கடன். கடனைத் திருப்பிச் செலுத்துவோனுக்குக் கூலி கொடுப்பார் எங்கேனும் உளரோ?

இவ்வுண்மையை ஏட்டிற் கற்பித்த யாமே வீட்டில் மறந்தோம். அதனைச் சொல்ல நாணமாயினும் சொல்லுகின்றோம். எம் மகனுக்கு அப்போது வயது 10. உழைப்பின்றிப் பணமில்லை என்பதை அவனுக்கு உணர்த்தக் கருதி, ஒரு தாளில் விலைப்பட்டியல் எழுதிச் சமையலறைக் கதவில் ஒட்டினோம். வாசல் பெருக்க 2 ரூபாய். குடத்தில் நீர் பிடித்து வைக்க 3 ரூபாய். துணி மடிக்க 2 ரூபாய். கடைக்குச் சென்றுவர 3 ரூபாய். முதலிரண்டு கிழமை இல்லம் விழாக்கோலம் பூண்டது. ஏவுமுன் வேலை முடிந்தது. எம் அறிவை யாமே மெச்சிக்கொண்டோம். ஆசிரியர் அறையிலும் பெருமை பேசினோம்.

இரண்டு திங்கள் சென்றன. ஓரிரவு எம் அன்னையார் காய்ச்சலுற்றுப் படுத்திருந்தார்கள். "ராசா, அப்பத்தாவுக்குக் கொஞ்சம் வெந்நீர் கொண்டுவா" என்றார்கள். பையன் எழுந்தான். பட்டியலில் இல்லாத வேலையாதலின் சற்றே தயங்கி, "இதுக்கு எத்தனை ரூபாய், அப்பத்தா?" என்று கேட்டான். அவன் குறும்பாற் கேட்டிலன், இகழ்ந்தும் கேட்டிலன், கணக்கு அறியும் பொருட்டு மெய்யாகவே கேட்டான். அதுதான் எம்மைச் சுட்டது. அன்னையார் ஒரு சொல்லும் உரைத்திலர். தலையணையின்கீழிருந்த சுருக்குப்பையை அவிழ்த்து, 5 ரூபாய் நாணயம் ஒன்றை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தார்கள்.

அன்றிரவே பட்டியலைக் கிழித்தெறிந்தோம். கிழித்தமையால் நோய் தீர்ந்ததோவெனின், இல்லை. மறுநாள் வாசல் பெருக்கப்படவில்லை, குடம் நிரம்பவில்லை. "காசு இல்லேன்னா நான் ஏன் செய்யணும், அப்பா?" என்றான் மகன். பட்டியலுக்குமுன் அன்னை ஏவினால் முணுமுணுத்தேனும் செய்தவன், பட்டியலுக்குப்பின் முணுமுணுக்கவும் இல்லை, எழவும் இல்லை. அவனைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஏழெட்டுத் திங்கள் ஆயின.

இஃது எம் வீட்டில் மட்டும் நிகழ்ந்த விந்தையன்று என்பதனைப் பின்னர் உளநூலார் ஆராய்ச்சிகளாற் கண்டோம். அமெரிக்க நாட்டு ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தைச் சார்ந்த மழலையர் பள்ளியில் லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர் செய்த ஆராய்ச்சி 1973-ஆம் ஆண்டு வெளிவந்தது. படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுடைய குழந்தைகளுட் சிலர்க்கு, "வரைந்தால் பரிசுத்தாள் தருவோம்" என முன்னரே வாக்களித்தனர். சிலர்க்கு ஒன்றும் சொல்லாது வரைந்தபின் பரிசளித்தனர். சிலர்க்குப் பரிசே இல்லை. சில நாட்கழித்து நோக்கியபோது, வாக்குப் பெற்று வரைந்த குழந்தைகள் ஏனையோர் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதி நேரமே வரைதலிற் செலவிட்டனர். எதிர்பாராது பரிசு பெற்றோரிடம் இக்குறைவு காணப்படவில்லை. விளையாட்டாய் இருந்தது கூலிவேலையாய் மாறியதும் விருப்பம் மெலிந்தது.

மற்றொன்று இசுரேல் நாட்டு ஹைஃபா நகரில் நிகழ்ந்தது. குழந்தைக் காப்பகங்களில் மாலையிற் பிள்ளையை அழைத்துச் செல்லப் பெற்றோர் சிலர் காலந்தாழ்த்து வந்தனர். அதனைத் தடுக்கச் சில காப்பகங்கள் சிறுதண்டம் விதித்தன. விளைந்தது யாது? காலந்தாழ்த்து வருதல் குறையவில்லை, ஏறத்தாழ இருமடங்காயிற்று. ஆசிரியையைக் காக்கவைத்தல் முறையன்று என்னும் நாணம் இருந்த இடத்தில், 'காசு கொடுத்துவிட்டோம்' என்னும் அமைதி புகுந்தது. வியப்பு என்னவெனின், தண்டத்தை நீக்கியபின்னும் பழைய நிலை மீளவில்லை. நீசி, ருஸ்திசினி என்னும் இருவர் இதனை ஆராய்ந்து 2000-ஆம் ஆண்டு வெளியிட்டனர். இதனைப் படித்தபோது கிழிந்த பட்டியலும் பெருக்கப்படாத வாசலும் எம் கண்முன் நின்றன. கடமைக்கு விலை எழுதுதல் எளிது. எழுதிய விலையை அழித்தல் அரிது.

அங்ஙனமாயின் பிள்ளைக்கு உழைத்துப் பெறும் பணத்தின் அருமையை உணர்த்துவதற்கு வழியே இல்லையோ எனின், உண்டு. இல்லத்து வேலைகளை மூன்றாகப் பகுத்துக்கொள்க.

ஒன்று, தன்பணி. உண்ட தட்டைக் கழுவுதல், படுத்த பாயைச் சுருட்டுதல், பள்ளிச்சீருடையை மடித்தல், புத்தகப்பையை ஒழுங்குசெய்தல் ஆகியன. இவற்றிற்குக் காசும் இல்லை, பாராட்டும் மிகுதியாக வேண்டா. இரண்டு, இல்லப்பணி. வாசல் பெருக்குதல், நீர் பிடித்தல், பெரியவர்க்கு மருந்து எடுத்துத் தருதல், தம்பி தங்கையரைப் பார்த்துக்கொள்ளுதல் ஆகியன. இவை குடும்பத்தில் உறுப்பினராயிருத்தற்குரிய கடன். காசு இல்லை, ஆயின் நன்றியுரை உண்டு. மூன்று, மிகைப்பணி. ஆண்டுக்கு ஓரிருமுறை வருவனவும், நாம் வெளியார்க்குக் கூலி கொடுத்துச் செய்விக்கக் கூடியனவுமான வேலைகள். பரணை ஒழித்துத் துடைத்தல், வண்டி கழுவுதல், பழைய தாள்களைக் கட்டி எடைக்குப் போடுதல் ஆகியன. இவற்றிற்குக் கூலி தரலாம். தாள் விற்ற காசைப் பிள்ளைக்கே விட்டுவிடலாம்.

மூன்றாம் வகைக்குக் கடைமுறையே முறை. கூலியை முன்னரே பேசுக. முடிந்தபின் வேலையைப் பார்வையிடுக. பாதி வேலைக்கு முழுக்கூலி தராதீர். முழுவேலைக்குப் பேசிய கூலியிற் காசு குறையாதீர். "இவ்வேலை எனக்கு வேண்டா" என்று மறுக்கும் உரிமை பிள்ளைக்கு மூன்றாம் வகையில் உண்டு. முதலிரு வகைகளில் இல்லை. இவ்வேறுபாட்டைப் பிள்ளைகள் வியக்கத்தக்கவாறு விரைவில் உணர்ந்துகொள்ளுகின்றனர். உணராது தடுமாறுவோர் பெற்றோராகிய நாமே.

ஈண்டு ஒரு கசப்பான செய்தியைச் சொல்லாது செல்லுதல் நேர்மையாகாது. நம்மவர் இல்லங்கள் பலவற்றில், வேலை பெண்மகவுக்கு, காசு ஆண்மகவுக்கு. தட்டுக் கழுவும் தங்கைக்குக் கைச்செலவுக்குக் காசில்லை. உண்ட தட்டை அப்படியே விட்டெழும் அண்ணனுக்குச் சட்டைப்பையில் 50 ரூபாய். "அவளுக்கு எதற்குக் காசு? வெளியே செல்பவளா?" என்று கேட்கும் தாய்மாரும் உளர். இங்ஙனம் வளர்ந்த பெண் நாளைக் கணவன் வீட்டில் ஒரு வங்கித்தாளில் கையெழுத்திடவும் பிறர் முகம் நோக்குகின்றாள். இங்ஙனம் வளர்ந்த ஆண் தனக்கு ஒரு குவளை நீரும் எடுத்துக் குடியாதவனாகின்றான். இருவரும் அரைகுறையாக வளர்க்கப்பட்டவரே. யாம் மேற்கூறிய கடன் என்னும் முறை இருபாலார்க்கும் ஒன்றே. இதனை இச்சங்கத்தார் தம் வீடுகளில் ஏற்பாராயின், இச்சொற்பொழிவில் ஏனைய அனைத்தையும் மறந்துவிடினும் எமக்குக் குறையில்லை.

கடை வைத்திருப்போர்க்கும் ஒரு சொல். பள்ளி விட்டபின்னும் விடுமுறையிலும் பிள்ளை நம் கடையில் அமர்ந்து பழகுதல் நன்று. 14 வயது நிரம்பாதோரை வேலைக்கு அமர்த்துதல் கூடாதென்பது சட்டம். 2016-ஆம் ஆண்டுத் திருத்தம், படிப்புக்கு இடையூறின்றிப் பள்ளி நேரத்திற்குப் புறம்பே பெற்றோர்க்கு உதவுதலை அத்தடையினின்று விலக்கி வைத்தது. ஆகவே கல்லாவருகே ஒரு மணிநேரம் பிள்ளை அமர்தல் கல்வி. ஆள்கூலி மிச்சம் என்று அவனைப் பள்ளியினின்று நிறுத்துதல் கேடு. முன்னதற்கும் பின்னதற்கும் உள்ள எல்லையை நாம் மறத்தல் ஆகாது.

இனி இரண்டாவது சொல், முதல். தொடக்கத்தில் நிற்பதும் முதல். வணிகத்திற்கு இடும் மூலப்பொருளும் முதல். எஞ்சியதை எடுத்துவைத்தால் அது மிச்சம். முன்னரே எடுத்துவைத்தாலன்றோ அது முதல்! வீட்டு வேலைக்குக் கூலி கூடாதென்றோம். ஆயின் பிள்ளையின் கையிற் பணமே இல்லையெனின், பணத்தை ஆளும் பயிற்சியும் இல்லை. நீரில் இறங்காமல் நீச்சல் கற்றார் இல்லை. ஆகவே ஒரு சிறுதொகையைக் கூலியாகவன்றிக் குடும்ப வருவாயில் அப்பிள்ளைக்குரிய பங்காகக் கொடுத்தல் வேண்டும். இதனையே இக்காலத்தார் பாக்கெட் மணி என்பர். குறும்பு செய்தால் பிடித்தம், மதிப்பெண் மிகுந்தால் கூடுதல் என அதனை ஆட்டிப் படைக்காதீர். பிழைக்குத் தண்டனை வேறு, பங்கு வேறு. குறித்த நாளிற் குறித்த தொகை, கேளாமலே கைக்கு வருதல் வேண்டும். எம் வீட்டில் வெள்ளிக்கிழமை மாலை, விளக்கேற்றியபின்.

எவ்வளவு என்பது அவரவர் நிலைக்கு ஏற்றது. எம் மகள் ஆறாம் வகுப்புப் பயின்றபோது கிழமைக்கு 40 ரூபாய் என வைத்தோம். கைப்பேசி வழியாகவன்று, நாணயமாகவும் தாளாகவும். அதனை வாங்கியவுடன் மூன்று டப்பிகளில் இடுவாள். முதல் 10 ரூபாய், கொடை 5 ரூபாய், செலவு 25 ரூபாய். செலவு டப்பி தீர்ந்தபின் முதல் டப்பியைத் தொடுதல் கூடாதென்பதே ஒரே விதி. கிழமைக்கு 10 ரூபாய் சிறிதெனத் தோன்றும். 52 கிழமைகளில் அது 520 ரூபாயாயிற்று. அஞ்சலகச் சேமிப்புக் கணக்குத் தொடங்க வேண்டுவது 500 ரூபாய். 10 வயது நிரம்பிய பிள்ளை அங்கே தன் பெயரில் தானே கணக்கு நடத்தலாம். 1882-ஆம் ஆண்டு முதல் நம் நாட்டில் நடைபெற்றுவரும் அவ்வஞ்சலகச் சேமிப்பு வங்கியின் சாளரத்தில், எம் மகள் டப்பியைக் கவிழ்த்து நாணயங்களை எண்ணிக் கொடுத்தபோது, வரிசையிற் பின்னால் நின்ற முதியவர் ஒருவர் பொறுமையிழந்து பின்பு புன்முறுவல் பூத்தார். நூற்றுக்கு ஆண்டுக்கு 4 ரூபாய் வட்டி. 500 ரூபாய்க்கு 20 ரூபாய். "நான் ஒண்ணும் செய்யலையே, எப்படி வந்தது?" என்றாள் அவள். பாடம் நடத்த அதனினும் நல்ல வேளை எமக்கு வாய்த்ததில்லை.

எம் இளமையிற் பள்ளிகளிலேயே சஞ்சயிகா என்னும் மாணவர் சிறுசேமிப்பு இருந்தது. கொண்டுசென்ற சில்லறையை ஆசிரியர் வாங்கிச் சிறு புத்தகத்தில் வரவு எழுதித் தருவார். அப்புத்தகத்தை யாம் பாடப்புத்தகத்தினும் போற்றினோம். அன்று பள்ளி செய்த பணியை இன்று வீடு மேற்கொள்ளல் தகும்.

கொடை டப்பியைப் பற்றியும் சிறிது கூறுவோம். உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடி எடுத்துத் தனிக்கலத்தில் இட்டு அறத்திற்கு அளிக்கும் பிடியரிசி வழக்கத்தை நம் பாட்டிமார் அறிவர். உண்டபின் மிஞ்சிய சோற்றையன்று, உலைக்குமுன் அரிசியை எடுத்தார்கள் என்பதே கருதத்தக்கது. வணிகர் மகமை எடுத்ததும் அவ்வாறே. விருதுநகரில் 1885-ஆம் ஆண்டு தோன்றிய சத்திரிய வித்தியாசாலை மகமைப் பணத்தால் எழுந்தது என்பது வரலாறு. கடைக்குக் கடை எடுத்துவைத்த சிறுகாசே பள்ளிக்கூடமாயிற்று. கிழமைக்கு 5 ரூபாய் ஆண்டுக்கு 260 ரூபாயாகும். அதனை எதற்கு அளிப்பதென்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும். எம் மகள் ஓராண்டு தெருநாய்க்குட்டிகளுக்குப் பால் வாங்கினாள். யாம் வேறொன்றை விரும்பினோம். ஆயினும் வாய் திறந்திலோம்.

"நாளுக்கு நாள் உழைத்து உண்ணும் வீட்டில் இவற்றுக்கெல்லாம் இடமேது?" என்று கேட்பார் உளர். நியாயமான கேள்வி. அவ்வீட்டுப் பிள்ளைகள் பணத்தின் அருமையை நன்கறிவர். நம் பிள்ளைகளினும் மிகுதியாக அறிவர். ஆயின் அவர்கள் அறிந்தது பணத்தைப் பற்றிய அச்சம். அறியாதது பணத்தை ஆளும் பழக்கம். அவர்க்குக் கிழமைக்கு 5 ரூபாயும் போதும். அதுவும் இயலாதாயின், ரேஷன் கடைக்குச் செல்லும் பட்டியலை எழுதச் செய்க. இரண்டு திங்களுக்கு ஒருமுறை வரும் மின்கணக்கைக் கூட்டிப் பார்க்கச் செய்க. சந்தையில் மிச்சச் சில்லறையை எண்ணி வாங்கச் செய்க. காசு கொடாமலே காசைக் கற்பிக்கும் வேலைகள் இவை. செல்வர் வீட்டுப் பிள்ளைக்கும் இவை விலக்கல்ல.

உறவினர் தரும் காசைப் பற்றியும் ஒன்று கூறல் வேண்டும். பொங்கலுக்கு மாமன் 100 ரூபாய் தருகின்றார். "கொடு, நான் பத்திரமா வெச்சிருக்கேன்" என்று அன்னை வாங்கிக்கொள்கின்றாள். அப்பணம் பின்னர்ப் பால்காரனுக்குப் போய்விடுகின்றது. குழந்தை மறந்துவிட்டதென நாம் எண்ணுகின்றோம். அது மறப்பதில்லை, அன்பர்களே! பணத்தில் வாக்குத் தவறலாம் என்னும் பாடத்தை அன்றே கற்றுக்கொள்கின்றது. அதுவும் தான் மிகநம்பும் ஒருவரிடம். வாங்கினால் எழுதிவையுங்கள், எடுத்தால் திருப்பிக் கொடுங்கள்.

மூன்றாவது சொல், செலவு. இன்று பணம் கழிதலைக் குறிக்கும் இச்சொல் பண்டைநாளிற் பயணத்தைக் குறித்தது. பொருள்தேடப் புறப்படும் தலைவன், தலைவியின் பிரிவாற்றாமை கண்டு புறப்பாட்டைச் சிலநாள் நிறுத்திவைத்தலைச் செலவழுங்குதல் என்பர் அகப்பொருள் நூலார். அழுங்குதல் போகாமையன்று, போவதைச் சற்றுத் தாழ்த்தல். எம் வீட்டிற் பணச்செலவிற்கும் இதனையே விதியாக்கினோம். 20 ரூபாய்க்கு மேற்பட்ட எப்பொருளையும் கண்ட அன்றே வாங்குதல் இல்லை, ஓரிரவு செலவழுங்குதல். மறுநாட் காலையிலும் வேண்டுமெனின் வாங்கலாம். பத்துப்பொருளில் நாலைந்து அவ்விரவிலேயே மறைந்துபோயின. பிள்ளைகள் இதனை விளையாட்டாக ஏற்றுக்கொண்டனர்; தமக்கை கடைமுன் நின்றால், "அழுங்கு, அழுங்கு" என்பான் தம்பி.

ஓரிரவு கடந்தும் பிள்ளை வீண்பொருளையே வாங்க முனையின், தடுக்காதீர். இதுவே பெற்றோர்க்கு மிகக்கடினமான பகுதி. எம் மகன் மூன்று கிழமைக் காசைச் சேர்த்து ஒளிவீசும் பம்பரம் ஒன்று வாங்கினான். இரண்டாம் நாள் அஃது உடைந்தது. வேறு வாங்கித்தர அவன் அன்னை மனமிளகினாள், யாம் தடுத்தோம். 75 ரூபாயில் அவன் 10 வயதிற் கற்றதை 30 வயதிற் கற்பானாயின், விலை சில இலக்கங்கள் ஆகியிருக்கும். சிறுபிழை மலிவானது, அதனை மலிவாயிருக்கும்போதே செய்யவிடுதல் பெற்றோர் அறிவு. "அப்பவே சொன்னேனே" என்னும் சொல்லை மட்டும் வாயினின்று வரவிடாதீர். உடைந்த பம்பரமே போதிய ஆசிரியன்.

கைக்கு ஒரு நோட்டுப் புத்தகமும் வேண்டும். வரவு, செலவு, இருப்பு என மூன்று பத்தி. இரவில் டப்பியிலுள்ள காசும் ஏட்டிலுள்ள இருப்பும் ஒத்திருத்தல் வேண்டும், ஒவ்வாதாயின் தேடுக. பிள்ளை ஏன் வாங்கினாய் என்று அதனைக் குற்றப்பத்திரிகையாக்காதீர். கணக்கு உண்மையாயிருத்தலே அங்கே அறம். செலவு நன்றோ தீதோ என்பது பின்னர் அவனே காண்பது.

முன்பணம் கேட்டால் ஒருமுறை கொடுத்துப் பாருங்கள். 30 ரூபாய் கொடுத்து, மூன்று கிழமை பப்பத்து ரூபாயாகப் பிடித்துக்கொள்ளுங்கள். பொருள் பழசான பின்னும் கடன் புதிதாகவே நிற்பதைப் பிள்ளை உணரும். சற்று வளர்ந்தபின் வட்டிக்கணக்கும் போடச் சொல்லுங்கள். பத்து வட்டி என்று ஊரில் எளிதாகச் சொல்லிவிடுகின்றார்கள். நூற்றுக்கு மாதம் 10 ரூபாயெனின் ஆண்டுக்கு 120 ரூபாய். வட்டியே முதலை விஞ்சிவிடும். இக்கணக்கைத் தன் கையாற் போட்ட பிள்ளை பின்னாளில் அவ்வாயிலில் எளிதிற் கால்வையாது. அத்தகைய கொடுவட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டு சட்டம் இயற்றப்பட்டது. ஆயினும் சட்டம் வருமுன் காக்க வல்லது கணக்கறிவே.

திருவள்ளுவர் பொருளீட்டுதலுக்குப் பொருள்செயல்வகை என்று ஓரதிகாரம் வகுத்தார். ஆயின் தன் பொருளின் அளவறிந்து வழங்கி வாழ்தலை அவ்வதிகாரத்தில் வையாது, வலியறிதல் என்னும் 48-ஆம் அதிகாரத்தில் வைத்தார். அளவறிந்து செலவிடுதல் வெறும் சிக்கனமன்று. அது வலிமை என்பது அவர் கருத்துப்போலும். பிள்ளைக்கு நாம் கற்பிப்பதும் காசைப் பூட்டிவைக்கும் உலோபமன்று. தன் வலியைத் தானறியும் அறிவேயாகும்.

முடிக்குமுன், தொடங்கிய கதையை முடித்தல் வேண்டும். பட்டியல் கிழிந்து பல திங்கள் சென்றபின், அப்பத்தாவின் மருந்துப் பொறுப்பு முழுவதையும் மகனிடம் ஒப்புவித்தோம். வேளைக்கு எடுத்துக் கொடுப்பதும், தீருமுன் கடையில் வாங்குவதும், விலையைக் குறித்துவைப்பதும் அவன் பணி, கூலி இல்லை. கிழமைக் காசும் அந்நாளிலேயே தொடங்கிற்று. சில கிழமை கழித்து அவனது நோட்டைப் புரட்டினோம். செலவுப் பத்தியில், "அப்பத்தாவுக்குக் கடன் தீர்த்தது 5 ரூபாய்" என்றிருந்தது. யாம் அவனுக்கு ஒன்றும் சொல்லியிருந்தோமில்லை. அன்னையாரிடம் கேட்டோம். "ஆமா, குடுத்தான், வாங்கிக்கிட்டேன்" என்றார்கள். "நீங்கள் வேண்டாமென்று சொல்லியிருக்கலாமே" என்றோம். "வேண்டாம்னா புள்ளைக்குக் கடன் தீராதேப்பா" என்றார்கள். பள்ளிப்படிப்பு அறியாத எம் அன்னையார், கடன் என்னும் சொல்லின் இருபொருளையும் பண்டிதனாகிய எம்மினும் நன்கறிந்திருந்தார்கள்.

ஆகவே அன்பர்களே! கடமைக்கு விலை வையாதீர். மிகைப்பணிக்குப் பேசிய கூலியைக் குறையாதீர். பங்கைக் குறித்த நாளிற் கொடுங்கள். முதலை முதலிலே எடுக்கச் செய்யுங்கள். செலவின்முன் ஓரிரவு அழுங்கச் செய்யுங்கள். மகளுக்கும் மகனுக்கும் ஒருநிறையாகவே நிறுங்கள். வரும் வெள்ளிக்கிழமையே தொடங்கலாம். அதற்கு வேண்டுவன மூன்று டப்பியும் ஒரு நோட்டுமே.